கட்டளையா, அறிவுரையா, அனுமதியா?

கொட்டகலை நகரில் வாப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருபவர்கள் அதை 'நானா கடை' என்பார்கள். அரிசி, மா, சீனி வாங்க வருபவர்களில் சிலர் பையின் அடியிலிருந்து மடித்த கடிதம் ஒன்றையும் எடுப்பார்கள். ஏதாவது ஓர் அலுவலகத்திலிருந்து வந்த ஆங்கிலக் கடிதமாக அது இருக்கும். முன்பெல்லாம் வாப்பாதான் வாசித்துச் சொல்வார். நான் உயர்தர வகுப்புக்கு வந்ததும் அந்த வேலை எனக்கு வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சென்ற வருடம் ஒரு பாட்டி வந்தார். தோட்டத்தில் வேலை செய்து காலமான தம் கணவரின் ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்திருந்தார். அதற்குப் பதில் வந்திருந்தது. "புள்ள, என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு தாயி" என்று நீட்டினார்.

கடிதத்தில் நாலே நாலு வரிகள். விண்ணப்பதாரி மூலப் பத்திரங்களுடன் நேரில் வருவது பற்றி மூன்றாவது வரி சொன்னது. அந்த வரியில் இருந்த வினைச்சொல் 'ஷுட்'. ஆங்கிலப் பாடத்தில் 'ஷுட்' என்பது அறிவுரை கூறும் சொல் என்று படித்திருந்தேன். 'காய்ச்சல் என்றால் ஓய்வெடுப்பது நல்லது' என்பது போன்ற வாக்கியங்களைத்தான் அதற்கு உதாரணமாக எழுதியிருக்கிறேன். ஆகவே, "நீங்களே வந்தா நல்லதுன்னு போட்டிருக்கு பாட்டி" என்றேன்.

பாட்டிக்கு முழங்கால் வலி. 'நல்லது' என்றுதானே இருக்கிறது என்று மகனை அனுப்பிவிட்டார். மகன் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, வெறுங்கையோடு திரும்பினார். "விண்ணப்பதாரி நேரில் வர வேண்டும் என்று கடிதத்தில் தெளிவாக இருக்கிறதே" என்று சொல்லி அனுப்பினார்களாம். அவர்கள் சொன்னது சரி. பிழை என்னுடையது. அடுத்த கிழமை பாட்டி தாமே போனார். துணைக்கு மகனும் போனதால் இன்னொரு நாள் சம்பளமும் போயிற்று.

பாட்டி என்னை ஏசவில்லை. "நீ என்ன புள்ள செய்வ, அவங்க வெளங்குற மாதிரி எழுதல" என்றார். ஏசியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. பாடத்தில் நல்ல புள்ளி வாங்கும் எனக்கு, ஒரு சிறு சொல்லின் எடை ஏன் தெரியாமற் போயிற்று என்று அதன் பிறகுதான் தேடத் தொடங்கினேன். தேடிக் கிடைத்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தோட்டத்தில் தங்கிய சொற்கள்

மலையகத்துக்கு ஆங்கிலம் பாடப் புத்தகத்தோடு வரவில்லை. கட்டளையோடு வந்தது. கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும் வந்த ஆங்கிலச் சொற்களில் பல இன்றும் தோட்டத்து நாவில் தமிழாகவே புழங்குகின்றன. காலையில் தொழிலாளர்கள் கூடி அன்றைய வேலையைப் பெறும் இடம் பெரட்டுக்களம். ஆங்கிலப் 'பரேட்'தான் பெரட்டு ஆயிற்று என்பார்கள். வரிசையாகக் கட்டிய வீடுகளைக் குறித்த 'லைன்' லயம் ஆயிற்று. வேலைக்கு வந்தவர்களின் பெயர்களைப் பதியும் ஏடு செக்ரோல். அந்த ஏட்டில் பெயர் விழுந்தால்தான் சம்பளம் என்பதால், ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்று பெயர் வந்தது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று தோட்டம் வகுக்கும் அளவு 'நோர்ம்'. அது குறைந்தால் அரைப்பேர். எங்கள் கடையில் அன்றாடம் காதில் விழும் சொற்கள் இவை.

தமிழ்ச் சொற்கள் மறுதிசையிலும் போயின. 'கங்காணி'யும் 'துண்டு'ம் ஆங்கில அரசாங்க ஏடுகளில் அப்படியே ஏறின. துண்டு என்பது ஒரு சிறு சீட்டு. இன்ன கங்காணியின் ஆட்கள் பட்டிருக்கும் கடனைத் தீர்த்தால் அவர்களை விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுப்பது. அந்தச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக வழியில்லை. கடனோடு மனிதரும் கைமாறினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் 'டின் டிக்கட்' என்ற உலோக வில்லை கொடுக்கப்பட்டது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன.

இவற்றுக்குப் பின்னால் சட்டம் நின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போகும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம். இன்று வேலையை விடுவது இருவருக்கிடையிலான ஒப்பந்தப் பிரச்சினை. அன்று அது குற்றம். துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது 1921இல்தான்.

துரைமாரும் தமிழ் படித்தார்கள். புதிதாக வந்த சின்னத்துரைமாருக்காக 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஏ. எம். பேர்குசன் வெளியிட்ட ஒரு சிறு தமிழ்க் கைந்நூலின் பெயரே 'இங்கே வா'. 'வாருங்கள்' என்று பெயரிடத் தேவை இருக்கவில்லை.

நம் இலக்கண வகுப்பை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 'வா' என்பது ஏவல் ஒருமை, 'வாருங்கள்' ஏவல் பன்மை, 'வருக' வியங்கோள். ஏவல் முன்னிலையில் நிற்பவரை நோக்கியது. வியங்கோளோ வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்ற நான்குக்கும் வரும். வினாத்தாளில் 'விடை எழுதுக' என்று இருப்பது விதித்தல். மேடையில் 'வாழ்க' என்பது வாழ்த்தல். வடிவம் ஒன்றாக இருந்தாலும் யார் யாருக்கு எந்த இடத்தில் சொல்கிறார் என்பதை வைத்தே பொருளைத் துணிகிறோம். தமிழில் இதைச் சிரமமின்றிச் செய்யும் நாம், ஆங்கிலக் கடிதத்தைக் கண்டதும் ஒன்றில் எல்லாவற்றையும் கட்டளை என்று அஞ்சுகிறோம், இல்லையேல் என்னைப் போல எல்லாவற்றையும் அறிவுரை என்று எடுத்துக்கொள்கிறோம்.

எடை வேறான சிறு சொற்கள்

அலுவலக ஆங்கிலத்தில் கட்டாயத்தைச் சொல்லும் சொற்களில் முதலாவது 'ஷல்'. பேச்சில் அது எதிர்காலத்தையோ யோசனையையோ குறிக்கும். சட்டத்தில் அதன் வேலை கடமையைச் சுமத்துவது. இலங்கைச் சட்டங்களின் தமிழில் இதைச் 'செய்தல் வேண்டும்' என்றும், இதன் எதிர்மறையைச் 'செய்தலாகாது' என்றும் எழுதுவார்கள். இரண்டாவது 'மஸ்ட்'. இதுவும் கட்டாயமே. 'ஷல்' பழைய சொல், பல பொருளுக்கு இடங்கொடுக்கும் சொல் என்பதால் இக்காலத்தில் 'மஸ்ட்' அதிகம் விரும்பப்படுகிறது. அமெரிக்கச் சமஷ்டி நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளை 2007இல் எளிய நடையில் திருத்தியபோது 'ஷல்' என்ற சொல்லைக் கைவிட்டார்கள்.

மூன்றாவது 'ரிக்வயர்ட்'. 'நீங்கள் சமர்ப்பிக்குமாறு தேவைப்படுத்தப்படுகிறீர்கள்' என்று வரும் இடங்களிலெல்லாம் அது கட்டாயம். அதன் அருகிலேயே நிற்கும் 'ரிக்வெஸ்டட்' கேட்பதற்கு மென்மையானது. 'கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்பது அதன் பொருள். ஆனால் அலுவலகக் கடிதத்தில் அது பெரும்பாலும் மரியாதை உடுத்திய கட்டளைதான். 'தயவுசெய்து வரிசையில் நிற்கவும்' என்ற பலகையைக் கண்டு, தயவுசெய்ய மனமில்லை என்று யாரும் வரிசையை விட்டு விலகுவதில்லையே.

நான்காவது, என்னை வீழ்த்திய 'ஷுட்'. பாடப் புத்தகத்தில் அறிவுரை. வைத்தியர் சொன்னால் அறிவுரை. ஆனால் விண்ணப்பப் படிவத்திலும் அலுவலகக் கடிதத்திலும் 'ஷுட்' வந்தால் பெரும்பாலும் 'வேண்டும்' என்றே கொள்ள வேண்டும். நம் நாட்டு அலுவலக ஆங்கிலத்தில் இந்த வழக்கு மிகுதி. பரீட்சை விண்ணப்பங்களிலேயே இதைக் காணலாம். புகைப்படம் இன்ன அளவில் இருப்பது 'ஷுட்' என்றால், வேறு அளவில் அனுப்பினால் திரும்பி வரும்.

ஐந்தாவது 'மே'. இது அனுமதி: 'செய்யலாம்'. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர் சத்தியக் கடதாசி கொடுக்கலாம் என்று வந்தால், சான்றிதழ் வைத்திருப்பவர் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் 'மே நொட்' என்று வந்தால் அது தடை. 'செய்யாமலும் இருக்கலாம்' என்று பொருள் கொண்டால் தவறு; 'செய்யக்கூடாது' என்பதே பொருள். 'மஸ்ட் நொட்' தடை; 'நீட் நொட்' விலக்கு. முன்னது 'கூடாது', பின்னது 'தேவையில்லை'. இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் ஒருவரை வீணாகத் தடுத்துவிடுவோம், அல்லது சிக்கலில் மாட்டிவிடுவோம்.

இவற்றோடு ஒரு சிறு தொடரையும் நினைவில் வைத்திருப்பது நல்லது: 'ஃபெயிலிங் விச்'. 'தவறும் பட்சத்தில்' என்பது அதன் பொருள். ஒரு கடிதத்தில் உண்மையான கட்டளை எது என்று தெரியாவிட்டால் இந்தத் தொடரைத் தேடுங்கள். செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பது அதற்குப் பின்னால்தான் எழுதப்பட்டிருக்கும்.

கணினிப் பொறியியலாளர்கள் இந்தக் குழப்பத்துக்கு ஒரு வழி கண்டார்கள். இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதுவோர் 1997இல் வெளியிட்ட ஒரு சிறு ஆவணத்தில் 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' ஆகிய சொற்களுக்கு முன்கூட்டியே பொருள் வரையறுத்தார்கள். 'மஸ்ட்' விதிவிலக்கில்லாதது; 'ஷுட்' தகுந்த காரணம் இருந்தால், விளைவை எடைபோட்ட பின் விடக்கூடியது; 'மே' விருப்பத்துக்கு உரியது. சொல்லை எழுதுமுன் அதன் எடையை வாசிப்பவருக்குச் சொல்லிவிட்டார்கள். கொட்டகலைக்கு வரும் கடிதங்களில் அந்த வசதி இல்லை.

நாம் ஏற்கெனவே அறிந்த படிகள்

இதையெல்லாம் எழுதி வைத்துப் பார்த்தபோது, இப்படிப்பட்ட வரிசையை எங்கோ படித்திருக்கிறேனே என்று தோன்றியது. சிறு வயதில் குர்ஆன் மத்ரஸாவில் படித்த ஹுக்முகளின் வரிசைதான் அது. பர்ளு, சுன்னத்து, முபாஹ், மக்ரூஹ், ஹராம். செய்தே ஆக வேண்டியது, செய்தால் நன்மை, விட்டால் குற்றமில்லை, செய்யவும் விடவும் இடமுள்ளது, விடுவது நல்லது, செய்யவே கூடாதது. ஏழு வயதில் நமக்கு இந்த ஐந்தும் குழம்பவில்லை. தொழுகையில் எதை விட்டால் தொழுகை கூடாது, எதை விட்டாலும் கூடும் என்று பிரித்துப் படித்தோம்.

அதைவிட நுட்பமான ஒன்றையும் மார்க்க அறிஞர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஏவல் வடிவில் வருவதெல்லாம் கட்டாயமாகிவிடாது. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பூமியில் கலைந்து சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறு சொல்லும் இறைவசனம் (62:10) ஏவல் வடிவில்தான் இருக்கிறது. ஆயினும் தொழுகை முடிந்தவுடன் பள்ளியை விட்டு வெளியேறுவது கடமை என்று யாரும் கூறுவதில்லை. அதற்கு முந்திய வசனம் தொழுகை நேரத்தில் வியாபாரத்தை விடச் சொல்கிறது. இது அந்தத் தடையை நீக்கி அனுமதி தருகிறது. முன்பின் தொடர்பைப் பார்த்தே பொருள் கொள்கிறார்கள்.

அலுவலக விதியை மார்க்கச் சட்டத்தோடு சமமாக்குவது என் நோக்கமல்ல. படிகளைப் பிரித்தறியும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதையே சொல்கிறேன். இப்போது கடிதம் ஒன்றைக் கையில் எடுத்தால், ஒவ்வொரு வரிக்கும் அருகில் பென்சிலால் 'ப', 'சு', 'மு' என்று குறித்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுத் தங்கைக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் ஐந்தே நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள்.

நம் வழக்கிலுள்ள அலுவலகத் தமிழிலும் அறபுச் சொற்கள் கலந்திருப்பது இன்னொரு வியப்பு. சட்டம் 'அமுலுக்கு' வருகிறது என்கிறோம். அது நாம் நற்செயலுக்குச் சொல்லும் 'அமல்'தான். 'ரத்து', 'தாக்கீது', 'வாரிசு' ஆகியனவும் அறபிலிருந்து வந்தவை. ஆளும் மொழி மாறும்போதெல்லாம் கட்டளைச் சொற்கள் மக்களின் பேச்சில் ஒரு படிவை விட்டுச் செல்கின்றன.

நம் 'வேண்டும்' செய்யும் குழப்பம்

பழியை ஆங்கிலத்தின்மீது மட்டும் போடுவது நியாயமாகாது. 'எனக்குத் தேநீர் வேண்டும்' என்பதில் 'வேண்டும்' விருப்பம். 'செடிக்கு மழை வேண்டும்' என்பதில் தேவை. 'நீ நன்றாகப் படிக்க வேண்டும்' என்பதில் அறிவுரை. 'அபராதம் செலுத்த வேண்டும்' என்பதில் கட்டாயம். ஆங்கிலத்தில் நான்கு தனிச் சொற்களால் சொல்லக்கூடியதை நாம் ஒரே சொல்லால் சொல்கிறோம். 'லாம்' விகுதியும் அப்படியே. 'போகலாம்' என்றால் போக அனுமதி உண்டு என்பதும், ஒருவேளை போகக்கூடும் என்பதும், வா சேர்ந்து போவோம் என்பதும் ஆகும்.

ஆகவே கடிதத்தை மொழிபெயர்த்துச் சொல்பவர் சொல்லுக்குச் சொல் மாற்றினால் போதாது. 'கட்டாயம் நீங்களே போகணும், போகாட்டி வேலை நடக்காது' என்று விளைவோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று நான் செய்யத் தவறியது இதைத்தான்.

கட்டளை யாருக்கு?

கடைசியாக, எனக்கு மிகவும் பெரிதாகத் தோன்றிய விடயம். கட்டளைச் சொல் என்றாலே அது மேலிருந்து கீழே நம்மீது விழுவது என்று எண்ணிப் பழகிவிட்டோம். பெரட்டுக்களத்து நினைவு அப்படி. ஆனால் 'ஷல்' என்ற சொல் யாரைக் கட்டுகிறது என்று வாக்கியத்தின் எழுவாயைப் பார்த்தால், சில இடங்களில் அது அரசாங்கத்தையே கட்டுவது தெரியும்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழி ஆக்கியது. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தத்தின் மூலம், தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் சேர்ந்தது. அங்கே ஆங்கிலத்தில் நிற்பது அதே 'ஷல்'. 1865இன் சட்டம் தொழிலாளியின்மீது சுமத்திய அதே வகைக் கட்டாயம், இப்போது அரசின்மீது. 1988இன் 16ஆவது திருத்தம் இன்னும் விரிவாகச் சொல்கிறது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியில் வாழும் ஒருவர் அரசாங்க அலுவலருக்குத் தமிழில் எழுதலாம். எழுதிய மொழியிலேயே பதில் பெற அவருக்கு உரித்து உண்டு. இந்த ஏற்பாட்டில் 'எழுதலாம்' என்பது நமக்கு அனுமதி. பதில் தருவது அவர்களுக்குக் கடமை. 1999இல் நமது நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் சிங்களமும் தமிழும் நிருவாக மொழிகளாக உள்ள இருமொழிப் பிரிவுகளாகவும் அறிவிக்கப்பட்டன. இந்த உரித்து கிடைக்காதபோது முறையிடுவதற்கென 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது.

இதை வாசித்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பாட்டியின் கடிதத்தை நான் எப்படி மொழிபெயர்த்திருக்க வேண்டும் என்பதையே இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடிதம் ஏன் தமிழில் வரவில்லை என்று நானும் கேட்கவில்லை, வாப்பாவும் கேட்கவில்லை, பாட்டியும் கேட்கவில்லை.

பாட்டியின் அலுவல் ஒரே பயணத்தில் முடியவில்லை. கணவரின் பெயர் ஒரு பத்திரத்தில் ஓர் எழுத்து வேறாக இருந்ததால் மேலும் விளக்கம் கேட்டு இன்னோர் ஆங்கிலக் கடிதம் வந்தது. இம்முறை அதைப் பென்சிலோடு வாசித்தேன். எது கட்டாயம், எது விருப்பம், எந்தத் திகதிக்குள், தவறினால் என்ன என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பதிலைத் தமிழில் எழுதினோம். கடைசி வரியாக, இனிவரும் கடிதங்களைத் தமிழில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று சேர்த்தேன். பாட்டி கையொப்பம் வைத்தார்.

ஒரு மாதமளவில் பதில் வந்தது. தமிழில்தான் வந்தது. பாட்டி அதைத் தாமே எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே கடைப்படி ஏறினார். "சமர்ப்பித்தல் வேண்டும்" என்ற இடத்தில் நிறுத்தி, "இது எந்த வேண்டும் புள்ள?" என்று கேட்டார்.

"கட்டாயம் பாட்டி. ஆனா நேர்ல போகத் தேவையில்ல, தபால்ல அனுப்பலாமுன்னு கீழே இருக்கு" என்றேன். சொல்லுமுன் அந்த வரியை மூன்று தடவை வாசித்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ யாராவது ஒரு கடிதத்தை நீட்டினால், அவசரப்பட்டுப் பொருள் சொல்லிவிடாதீர்கள். யாருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது, கட்டாயமா விருப்பமா, எந்தத் திகதிக்குள், செய்யாவிட்டால் என்ன, இது தமிழில் வந்திருக்க வேண்டாமா என்ற ஐந்தையும் முதலில் பார்த்துவிடுங்கள். அதற்குப் பத்து நிமிடம் செலவாகும். ஒருவருடைய ஒரு நாள் பேர் மிஞ்சும்.